ஏழு பேர் உட்காரும் வண்டி

பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரை கேட்டு வருவார்கள், ஏணி கேட்டு வருவார்கள். அவர் ஆள் கேட்டு வந்தார்.

செங்கல்பட்டில் ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில்தான். ஒரு சனிக்கிழமை காலை, சட்டையை மொடமொடவென்று இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

"ம்மா, நாளைக்கி உங்க வூட்ல எல்லாரும் ஃப்ரீயா கீறீங்களா?"

"ஏண்ணா?"

"ஒரு வண்டி பாக்கப் போறேன். குடும்பத்தோட போனா நல்லாருக்கும்."

"உங்க குடும்பமா, எங்க குடும்பமா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. நான் யோசித்து முடிப்பதற்குள் அது பேசி முடித்துவிடும்.

அவர் முகம் மாறவில்லை. "எனக்கு ஏதும்மா? உங்களத்தான் கேக்கறேன்," என்றார்.

விஷயம் இதுதான். அவருக்குப் பெரிய வண்டி வேண்டும். ஏழு பேர் உட்காரும் வண்டி, தோல் சீட்டு, பின்னால் உட்காருகிறவர்களுக்குத் தனி ஏசி, மணலோ சேறோ எதில் விட்டாலும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. புதுசாக வாங்கக் கட்டுப்படியாகாது என்று, பழைய வண்டி விற்கிற யார்டுகளாகப் பார்த்து ஜி.எஸ்.டி. சாலை முழுக்க ஏறி இறங்கியிருக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. "ஃபேமிலி வரலையா சார்?" ஒரு யார்டில் ஒரு பையன் இன்னும் ஒரு படி மேலே போய், "ஒண்டியா இருக்கறவருக்கு இது எதுக்கு சார்? சின்னதா ஒண்ணு காட்டட்டா?" என்று கேட்டிருக்கிறான். அவர் அப்படியே வெளியே வந்துவிட்டார். இப்போது சிறுசேரி பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் ஒருவர் வெளிநாடு போவதால் வண்டியைக் கொடுக்கிறாராம். போனில் பேசும்போது, 'குடும்பத்தோட வந்து பாக்கறேன்' என்று இவர் வாய்விட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரர், "நம்ம என்ன வாடகைக்குக் கிடைக்கிற சொந்தக்காரங்களா?" என்று முனகினார். பிள்ளைகள் இரண்டும் கார் என்றதும் குதித்தன. எனக்கோ, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சமையலிலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது. கிளம்பிவிட்டோம்.

அவர் ரயில்வேயில் சரக்கு வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்ஸ் ரயிலின் கடைசியில் ஒரு சின்னப் பெட்டி ஆடிக்கொண்டே போகுமே, அதில் ஒரே ஓர் ஆள் நிற்பாரே, அந்த ஆள். எஞ்சினிலாவது பேச்சுத்துணைக்கு இன்னொருவர் உண்டு. கார்டுக்கு முன்னால் அத்தனை பெட்டி நிலக்கரியும் சிமென்ட்டும்தான். எக்ஸ்பிரஸ் வருகிறது என்றால் சரக்கு வண்டியை ஓரத் தண்டவாளத்தில் ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள். மறுபடி எப்போது விடுவார்கள் என்பது சாமிக்கே தெரியாது.

"எக்ஸ்பிரஸ் நம்ம பக்கத்துலயே போவும்மா," என்று அவர் சொல்லியிருக்கிறார். "ஜன்னலுக்கு ஜன்னல் குடும்பம். ஒண்ணு புளிசாதம் துன்னுகினு இருக்கும், ஒண்ணு சண்ட போட்டுகினு இருக்கும், ஒண்ணு அம்மா மடில தூங்கிகினு இருக்கும். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அம்புட்டும் போயிடும். அப்பால நானும் என் டிபன் பாக்ஸும்."

அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அந்த அம்மா எப்போதோ தாய்வீட்டுக்குப் போனவர், திரும்பவில்லை. அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை குறை கேட்க முடியாது. "மாசத்துல பாதி நாளு புருசன் மூஞ்சியே பாக்காத பொம்பள எத்தினி நாளுக்குத்தான் கதவத் தொறந்து வெச்சிகினு குந்திகினு இருப்பா?" என்று அவள் பக்கம்தான் பேசுவார்.

சிறுசேரி அபார்ட்மென்ட்டில் வண்டிக்காரரும் அவர் மனைவியும் எங்களை வரவேற்று ஜூஸ் எல்லாம் கொடுத்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பி, "உங்க டாட்டரா சார்?" என்றாள்.

"ஆமா," என்றார் அவர். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அப்ப இவர் மாப்பிள்ளையா?"

"ஆமா."

டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தூக்கின காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். என் சின்னவன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு எதையோ சொல்ல வாயைத் திறந்தான். தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்து அந்த வாயில் திணித்தேன். எனக்குக் கோபம் வந்தது நிஜம். அந்தக் கோபத்தோடேயே அவரைப் பார்த்தேன். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, பெண் வீட்டார் கூட்டத்தில் பெரியவர் நிற்பது மாதிரி நின்றார். சரி, ஒரு மணி நேரம் மகளாக இருந்தால் குறைந்தா போய்விடுவேன் என்று விட்டுவிட்டேன். "அப்பா, வண்டிய ஓட்டிப் பாருங்களேன்," என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறப்பார்கள், அடியில் குனிந்து துரு பார்ப்பார்கள், மீட்டரைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். வண்டிக்காரரே நேர்மையாக, "கடல் காத்து சார், அடியில கொஞ்சம் துரு இருக்கும், நல்லா பாத்துக்கங்க," என்றார். இவர் குனியவே இல்லை. எங்களை ஒவ்வொருவராக உள்ளே உட்கார வைத்தார். "மாப்ள இங்க, நீ இந்தப் பக்கம், பசங்க பின்னாடி." எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி, நடுக் கண்ணாடியைத் திருப்பினார். பின்னால் வருகிற வண்டி தெரிவதற்கான கண்ணாடி அது. எங்கள் முகங்கள் எல்லாம் தெரிகிற மாதிரி அதை வைத்துக்கொண்டார்.

வண்டிக்காரர் கியருக்குப் பக்கத்திலிருந்த ஒரு திருகியைக் காட்டினார். "இதத் திருப்பினா நாலு சக்கரமும் இழுக்கும் சார். மணல், சேறு, ஆத்துப் படுகை, எதுல வேணாலும் போகும். அதுக்காகவே வாங்கினேன். ஒரு நாள்கூட யூஸ் பண்ணல. மால் பார்க்கிங்ல மேல ஏத்தினதோட சரி."

இவர் அதைக் கேட்டமாதிரியே தெரியவில்லை. "நீங்கல்லாம் இதுல எங்கெங்க போனீங்க?" என்று கேட்டார்.

அந்த அம்மா சொல்ல ஆரம்பித்தாள். திருப்பதியில் சின்னதுக்கு மொட்டை போட்டது, ஏற்காட்டு வளைவுகளில் பெரியது வாந்தி எடுத்தது, மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு திருச்சி வரைக்கும் வாயைத் திறக்காமல் வந்தது. இவர் நடுவில் நடுவில், "எந்த சீட்ல?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வாந்தி எடுத்த சீட்டைத் தடவிக்கூடப் பார்த்தார். பேரம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை, சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டார். அடுத்தவர் பணம்தான், ஆனாலும் என் வீட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது.

பின் கண்ணாடியில், நம் ஊர்க்காரர்கள் ஒட்டுவார்களே அதுமாதிரி, அவர்கள் பிள்ளைகளின் பேர் இரண்டு ஒட்டியிருந்தது. தியா, நிதின். வண்டிக்காரர் அதைச் சுரண்டிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். இவர் தடுத்துவிட்டார். "இருக்கட்டும் சார். மொட்டக் கண்ணாடி நல்லா இருக்காது." அதற்கப்புறம் யாராவது, "பேரப் பசங்களா சார்?" என்று கேட்டால், "வெளிநாட்டுல கீறாங்க," என்பார். அதில் பாதி உண்மை.

முதலில் கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரோடு போனோம். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து கடலை ஒட்டியே நெம்மேலி வரைக்கும். பெரிய வண்டியில் உயரமாக உட்கார்ந்து போவது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிறகு பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தது, எனக்கு ஆபீஸ் வேலை வீடுவரைக்கும் வந்தது, என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் வந்தது. "இந்த வாரம் முடியாதுண்ணா," என்றால், "அதுக்கின்னா, பரவால்லம்மா," என்பார். இரண்டாவது தடவை கேட்கமாட்டார். கேட்டுத் தொலைத்திருந்தால் நான்கூடச் சலித்துக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

ஆள் இல்லாமல் வண்டியை எடுக்க அவரால் ஆகாது. பஸ் ஸ்டாப் பஸ் ஸ்டாப்பாக நிறுத்தி, "திருக்கழுக்குன்றமா? ஏறு," என்று கூப்பிட்டிருக்கிறார். அவ்வளவு பெரிய வண்டி சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்று, உள்ளேயிருந்து ஒரு பெரியவர் ஏறு என்றால் எவன் ஏறுவான்? பாதிப் பேர் பின்வாங்கினார்கள். ஒரு அம்மா மட்டும் தலையை உள்ளே நீட்டி, "ஆளுக்கு எவ்ளோப்பா?" என்று கேட்டாளாம். "சும்மாதான்மா," என்றதும் தலையை வெளியே இழுத்துக்கொண்டாளாம். இதை எங்களிடம் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அப்புறம் ஒரு மாற்றம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர் முகம் வேறு மாதிரி இருக்க ஆரம்பித்தது. கையில் நுங்கு இருக்கும், மீன் இருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே கதையை ஆரம்பிப்பார்.

"இன்னிக்கி மாம்பலத்து ஆளுங்கம்மா. கார மணல்ல உட்டுட்டாங்க. சக்கரம் பாதி உள்ள போயிடுச்சி. நம்ம வண்டியில கயிறு கட்டி இழுத்தேன் பாரு, அந்தப் பசங்க கையத் தட்டுதுங்க. பிரியாணி போட்டாங்கம்மா. ஷோக்கான மனுசங்க."

அடுத்த வாரம் தாம்பரத்து ஆட்கள். அதற்கடுத்த வாரம் காலேஜ் பசங்க. போனில் படம் காட்டுவார். முன்பின் தெரியாத குடும்பங்களின் நடுவில் இவர், தோளில் யாரோ ஒரு குழந்தையோடு. முதலில் வாங்கினவர் ஒரு நாள்கூடத் தொடாத அந்தத் திருகியை இவர் வாரம் தவறாமல் திருப்பினார். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டு மகராசன் தூங்குகிறார், இவரைப் பாருங்கள், ஊருக்கு உதவுகிறார் என்று தெரு முழுக்கச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன்.

நெம்மேலி தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சவுக்குத் தோப்புக்குள் ஒரு மண்பாதை இறங்குகிறது. இரண்டு பக்கமும் மரம், நேர்க்கோடாகக் கடற்கரையில் போய் முடியும். பார்க்க நல்ல பாதைதான். முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் மணல் பொலபொலவென்று இருக்கும். சாதாரண வண்டி அதில் இறங்கினால் தீர்ந்தது. இவர் டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு, அந்த இடத்தை அலட்சியமாகத் தாண்டி, கடற்கரை ஓரத்தில் வண்டியை நிறுத்தினார். பாயை விரித்தார். பிளாஸ்கைத் திறந்தார். பாதையைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தார். கடல் அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் சாலையிலிருந்து தோப்புக்குள் இறங்கியது. நான் எழுந்து கையை ஆட்டப் போனேன். ஆட்டினால் போதும், நின்றுவிடும். அவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"கம்முனு குந்தும்மா. வரட்டும்."

"மணல்ல மாட்டிக்குவாங்கண்ணா!"

"மாட்டட்டும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாரா வாரம் இவர் இங்கே உட்கார்ந்து செய்துகொண்டிருந்தது இதுதான். கார் வந்தது, மணலில் இறங்கியது, உறுமியது, சக்கரம் புதைந்தது. அவர் மெதுவாக எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு போனார். அவர்களைக் கடற்கரைப் பக்கம் இழுத்துப் போட்டார். திரும்பிப் போக வேண்டுமென்றால் அதே மணலை மறுபடி தாண்ட வேண்டும், அதற்கு மறுபடி இவர் கயிறு வேண்டும். ஆகவே அந்தக் குடும்பம் மாலை வரைக்கும் இவரோடுதான் இருந்தது. சோறு போட்டது, மாமா என்று கூப்பிட்டது, படம் எடுத்துக்கொண்டது.

வரும் வழியெல்லாம் நான் பொரிந்து தள்ளினேன். "சீ, இதெல்லாம் ஒரு பொழப்பா? நீங்க உதவி பண்றீங்கன்னு ஊரெல்லாம் டமாரம் அடிச்சேனே, என்னச் சொல்லணும்!"

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். பிறகு, "மாட்டிகினாத்தானம்மா நம்மள பாக்கறாங்க," என்றார்.

 

சில வாரங்கள் அவரோடு பேசவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்துகிற சத்தம் கேட்டால் நான் உள்ளே போய்விடுவேன். ஒரு நாள் அவரே கேட்டில் வந்து நின்றார். "இனிமே வர்ற வண்டிக்கு முன்னாடியே சொல்லிடறேன். வாம்மா, பசங்களயும் இட்டுகினு வா." எனக்கு மனசு கேட்கவில்லை. போனேன்.

அன்றைக்கு நான் பிள்ளைகளோடு தண்ணீர் ஓரத்தில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது ஒரு சாம்பல் நிறக் கார் மணலில் நட்டுக்கொண்டு நின்றது. இவர் வண்டியைப் பின்னால் எடுத்து, கயிறு கட்டக் குனிந்துகொண்டிருந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை. சொல்லவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அதற்குள் அந்தக் காரிலிருந்து ஒரு பெண் கத்தினாள். அவள் மடியில் நாலைந்து வயசுப் பையன், நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது. மூச்சோடு விசில் மாதிரி சத்தம் வருகிறது. "வீசிங் இருக்குங்க இவனுக்கு! இன்ஹேலர் பம்ப்ப வீட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்," என்று அழுதாள். அவள் புருஷன் காரைச் சுற்றிச் சுற்றி ஓடினான். பையனின் உதடு நிறம் மாற ஆரம்பித்தது.

பாதையை அடைத்துக்கொண்டு அவர்கள் கார் நிற்கிறது. இரண்டு பக்கமும் சவுக்கு மரம். இழுத்து நகர்த்த நேரமில்லை. இவர் கயிற்றை அப்படியே வீசிவிட்டு, "எல்லாரும் ஏறுங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். அப்பன் முன்னால், அம்மாவும் பையனும் நானும் நடுவில், என் பிள்ளைகள் கடைசியில். வாங்கின நாளிலிருந்து அன்றைக்குத்தான் அந்த வண்டியில் எல்லா சீட்டும் நிறைந்தது.

பாதையை விட்டுவிட்டுக் கடற்கரையோடேயே ஓட்டினார். மணல் மேடு ஒன்று, அதற்கப்புறம் பள்ளம், அலை வந்து தொடுகிற ஈர மணல், மறுபடி மேடு. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் நடுக் கண்ணாடியில் அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டே வந்தார். மீன்பிடிக் குப்பத்தில் படகு ஏற்றுகிற வழியில் மேலேறி, வலைகளை ஒதுக்கச் சொல்லிக் கத்தி, சாலையைப் பிடித்துவிட்டார். பக்கத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. பையன் மூக்கில் மருந்துப் புகை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மாவிடம் சிப்ஸ் கேட்டான்.

வராந்தாவில் அவனுடைய அப்பன் இவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீங்க மட்டும் அங்க இல்லன்னா சார்..." என்று ஆரம்பித்தவன் அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தப் பெண் காலிலேயே விழப் போனாள். இவர் பதறிப் பின்னால் நகர்ந்தார்.

"எங்களுக்குப் பெரியவங்கன்னு சொல்லிக்க யாருமே இல்லப்பா," என்றாள் அவள். "இனிமே நீங்கதான். வர்ற ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வந்து சாப்டுட்டுத்தான் போகணும். கீழ்க்கட்டளைலதான் வீடு. நம்பர் குடுங்கப்பா."

இவர் போனை எடுத்தார். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, சொல்லப்போகிறார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பையன் பிழைத்துவிட்டான், எல்லாம் நல்லபடியாக முடிந்தது, வாயை மூடிக்கொண்டு நம்பரைக் கொடுத்துத் தொலையும் மனுஷா என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"ஒரு விசயம் சொல்லணும்மா," என்றார். "நீங்க உள்ள வர்றப்பவே நான் பாத்துகினுதான் இருந்தேன். அந்த எடத்துல சக்கரம் பொதையும்னு எனக்குத் தெரியும். சொல்லல."

அவளுக்குப் புரியவில்லை. "மறந்துட்டீங்களாப்பா?"

"மறக்கல. சொல்லிருந்தா நீங்க திரும்பிப் போயிருப்பீங்க."

அந்தப் பெண் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை, என் பிள்ளைகளின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. உள்ளே போய்ப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து, வராந்தாவின் அந்தக் கோடியில் இருந்த பெஞ்சில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். புருஷன் ஏதோ சொல்ல வந்து, "சரிங்க," என்று மட்டும் சொன்னான். மணலில் நிற்கிற காரை எடுத்துத் தருகிறேன் என்று இவர் சொன்னதற்கு, "நாங்க பாத்துக்கறோம்," என்றான்.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "யாரு உங்களக் கேட்டா? வாய வெச்சிக்கிட்டு கம்முனு இருந்திருக்கலாம் இல்ல? அவங்களே வீட்டுக்கு வாங்கன்னு கூப்ட்டாங்களே!"

அவர் சாவியைப் போட்டவர் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். "அப்பான்னு கூப்ட்டுச்சிம்மா அந்தப் பொண்ணு," என்றார். "அதுக்கப்பறம் எப்டி சொல்லாம இருக்கறது?"

 

அந்த வருஷக் கடைசியில் நாங்கள் என் ஆபீசுக்குக் கிட்ட இருக்கட்டும் என்று சிறுசேரிப் பக்கமே வீடு மாற்றிக்கொண்டோம். சாமான் ஏற்றின அன்று அவர் மதில் ஓரத்தில் நின்று, "அந்தப் பீரோவ சாய்க்காத, நேரா புடி," என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் போனில் பேசுவதும் குறைந்துபோயிற்று. நம் எல்லோருக்கும் நடக்கிறதுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் மாமல்லபுரத்துக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்தோம். நெம்மேலிக்குச் சற்று முன்னால் அந்தச் சவுக்குத் தோப்பு வந்தது. பாதை இறங்குகிற வாயிலேயே அவர் வண்டி குறுக்காக நின்றது. ஒரு சைக்கிள்கூட உள்ளே நுழைய முடியாத மாதிரி பாதையை அடைத்து நிறுத்தியிருந்தார். பக்கத்தில் வெயிலில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

எங்களுக்கு முன்னால் போன கார் ஒன்று அங்கே வேகத்தைக் குறைத்தது. அவர் ஓடிப்போய் ஜன்னலில் குனிந்து, "உள்ள போவாதீங்க சார், மணலு, சக்கரம் பொதஞ்சிடும்," என்றார். பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் எட்டிப் பார்த்தன. ஓட்டினவர் தலையை ஆட்டினார், கண்ணாடி மேலே ஏறியது, கார் போய்விட்டது. அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் இவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் எங்களைக் கவனித்தார்.

இளைத்திருந்தார். "நாஸ்தா ஆச்சாம்மா? பசங்க எப்டி கீறாங்க? பெரியவன் எந்தக் கிளாஸு?" என்று மூச்சு விடாமல் கேட்டார். நான் சொன்னேன். வண்டிக் கதவு திறந்திருந்தது, உள்ளே எல்லா சீட்டும் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. விசேஷத்துக்கு நேரமாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் பைக்கை உதைத்தார்.

"வாராவாரம் இங்கதான் நிக்கறீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. காலையிலேர்ந்து நெறய வண்டி வந்திச்சி," என்றார். "எல்லாருமே சொன்னா கேட்டுகினு திரும்பிப் போயிடறாங்க. நல்ல ஜனங்கம்மா."